விருந்தாளியா... வீட்டுப் பிள்ளையா?

அரியர் எல்லாம் க்ளியர் ஆயிடுச்சா? சரி சரி, முறைக்காதீங்க. மேட்டருக்கு வர்றேன்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா தேவதானம். ராஜபாளையத்துல பஸ் ஏறி சேத்தூர் பக்கமா போனா வரும். மேற்கே மலை, மலைக்கு இந்தப் பக்கம் தென்னந்தோப்பு, நடுவுல நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில். பாண்டிய ராஜாவுக்குச் சோழ ராஜா நஞ்சு தோய்த்த ஆடையைப் பரிசா அனுப்பி வைக்க, அதிலிருந்து காப்பாற்றினவர்தான் எங்க ஊர் சாமின்னு தலபுராணம். அதனால யாராவது துணிமணி பரிசு கொடுத்தா எங்க ஊர்க்காரங்க ரெண்டு தடவை யோசிச்சுத்தான் வாங்குவோம். (சும்மா சொன்னேன்!)

வீட்டுல போய் பையைக் கூட இறக்கி வைக்கலை. எதிர்வீட்டுத் தம்பி ஓடி வந்தான். இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். கையில ஒரு ஃபாரம். அவன் காலேஜுக்கும் ஸ்பெயின்ல ஒரு யூனிவர்சிட்டிக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தமாம். இவன் செலக்ட் ஆயிட்டான். ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்கணும். மூஞ்சியில ஆயிரம் வாட்ஸ் பல்பு.

"அண்ணே, எல்லாம் ஃபில் பண்ணிட்டேன். ஒரே ஒரு இடம்தான் பாக்கி. எங்க தங்கப் போறேன்னு கேட்டிருக்காங்க. ஹாஸ்டல்னு ஒரு கட்டம், ஹோஸ்ட் ஃபேமிலின்னு ஒரு கட்டம். எதுல டிக் அடிக்க?"

பின்னாடியே அவங்க அம்மா. நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். "ஏய்யா, முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டுல போய் எப்படிய்யா இருக்கிறது? சோறு யாரு போடுவா? இவன் தின்ன தட்டைக் கூட எடுத்து வைக்க மாட்டானே!"

பாயின்ட்டைப் பிடிச்சீங்களா? ஸ்பெயின் எங்கே இருக்குன்னு அத்தைக்குத் தெரியாது. ஆனா பிரச்னை எங்கே இருக்குன்னு கரெக்டா தெரிஞ்சிருக்கு!

இந்த வாரம் அந்த ரெண்டு கட்டத்தைப் பத்தித்தான் பேசப் போறோம். எனக்கென்ன, நான் ஸ்பெயினுக்கா போறேன்னு பேஜைத் திருப்பிடாதீங்க. கடைசியில இந்த மேட்டர் உங்க வீட்டு வாசல்லதான் வந்து நிக்கும்.

பத்து மணிக்கு டின்னர்!

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ஹோஸ்ட் ஃபேமிலிங்கிறது தர்மசத்திரம் இல்லை. யூனிவர்சிட்டியோ மொழிப் பள்ளியோ ஏற்பாடு பண்ணும். ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் மாசாமாசம் பணம் கட்டணும். அதனால 'அடுத்தவங்க சோத்துல உட்கார்ந்திருக்கோமே'ங்கிற கூச்சம் வேண்டாம். ஆனா அந்தப் பணத்துக்குக் கிடைக்கிறது கட்டிலும் சாப்பாடும்தான். பேச்சும் பாசமும் அந்தக் கட்டணத்துல வராது. அதை நீங்கதான் சம்பாதிக்கணும்.

அங்கே போனதும் முதல் ஷாக் வயித்துக்குத்தான். காலையில ஒரு காபி, வாட்டின ரொட்டி, அது மேல தக்காளியும் ஆலிவ் எண்ணெயும். அவ்வளவுதான். இட்லி, பொங்கல், வடைன்னு வளர்ந்த வயிறு பதினொரு மணிக்கே ஒப்பாரி வைக்கும். மதியச் சாப்பாடு ரெண்டு மணியிலிருந்து மூணு. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரை, பத்து!

ஏன் இவ்வளவு லேட்? ஒரு காரணம் கடிகாரம். மேப்பை எடுத்துப் பாருங்க, ஸ்பெயின் இங்கிலாந்துக்கு நேர் கீழே இருக்கும். ஆனா கடிகாரம் ஜெர்மனி டைம் காட்டும். 1940-ல ஃபிராங்கோ ஆட்சியில ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சாங்க. பின்னாடி திருப்பி வைக்கவே இல்லை. அதனால சூரியனுக்கும் அவங்க கடிகாரத்துக்கும் கொஞ்சம் தகராறு. குளிர்காலத்துல நமக்கும் அவங்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அவங்க ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட உட்காரும்போது தேவதானத்துல மணி ரெண்டரை. 'சாப்பிட்டியாய்யா'ன்னு கேக்கிறதுக்காக அத்தை அலாரம் வெச்சுத்தான் எந்திரிக்கணும்.

சாப்பாட்டுல பயப்பட ஒண்ணுமில்லை. உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை ஒண்ணு இருக்கு. தோர்த்தியான்னு பேர். மெக்சிகோ தோர்த்தியாவுக்கும் இதுக்கும் பேர்ப் பொருத்தம் மட்டும்தான். பருப்புக் கொழம்பு மாதிரி 'லெந்தேஹாஸ்', கொண்டைக்கடலைக் கொழம்பு, பட்டையும் எலுமிச்சைத் தோலும் போட்ட பால் அரிசிப் பாயசம்னு நம்ம வீட்டுக்குச் சித்தி முறை ஆகிற அயிட்டம் நிறைய.

சைவப் பார்ட்டிகள் மட்டும் உஷார்! 'கார்னே சாப்பிட மாட்டேன்'னு மொட்டையா சொன்னா பத்தாது. கார்னேன்னா இறைச்சி. 'சரிப்பா, இறைச்சி வேண்டாம்'னு பாசமா சாலட் கொண்டு வந்து வைப்பாங்க. அதுல டூனா மீன் இருக்கும். ஹமோன்னு சொல்ற உப்புப் போட்டு உலர்த்தின பன்றித் தொடைக்கறி, பருப்புலயும் சின்னத் துண்டா எட்டிப் பார்க்கும். கறி வேண்டாம், மீன் வேண்டாம், ஹமோன் வேண்டாம்னு மூணையும் தனித்தனியா சொல்லிடுங்க. இது முதல் நாளே பேச வேண்டிய விஷயம். மூணு வாரம் முழிச்சுக்கிட்டே இருந்துட்டு நாலாவது வாரம் அழக்கூடாது.

நாம வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடப்போம். அது மரியாதை. அங்கே பல வீடுகள்ல வெறுங்காலோட நடந்தா அந்த வீட்டுப் பாட்டி திட்டும். சளி பிடிச்சுக்குமாம்! வீட்டுக்குள்ள போடுறதுக்குன்னே தனிச் செருப்பு உண்டு. நம்ம பாட்டி தலையில எண்ணெய் வைக்கலைன்னு திட்டும், அவங்க பாட்டி கால்ல செருப்பு போடலைன்னு திட்டும். எந்த ஊரா இருந்தா என்ன, பாட்டி பாட்டிதான்!

உங்களுக்கே தெரியாம உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியும்

'பாஷை தெரியாதே அண்ணே'ன்னான் தம்பி. டேய், உனக்குக் கொஞ்சம் தெரியும்டான்னேன்.

நம்ம மேசை அவங்களுக்கும் 'மேசா'. நம்ம அலமாரி அவங்களுக்கு 'ஆர்மாரியோ'. நம்ம துவாலை அவங்களுக்கு 'தோஆயா'. காரணம் சிம்பிள். இந்த வார்த்தைகளை நமக்குக் கொண்டு வந்தவங்க போர்ச்சுக்கீசியர்கள். போர்ச்சுக்கீசும் ஸ்பானிஷும் அக்கா தங்கச்சி. அதனால அந்த வீட்டு ரூமுக்குள்ள நுழையும்போதே பாதிப் பொருளுக்குப் பேர் தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

மரியாதைப் பாடமும் ஈஸி. இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே 'யூ'. ஸ்பானிஷ்ல நம்மள மாதிரியே நீ வேற, நீங்க வேற. நீங்கன்னா 'உஸ்தெத்'. நீன்னா... 'தூ'. பதறாதீங்க, துப்பலை, பாசமாத்தான் கூப்பிடுறாங்க! நாலு நாள்ல அந்த வீட்டம்மாவே உங்ககிட்ட, 'என்னை உஸ்தெத்னு சொல்லாதே, தூன்னே சொல்லு'ன்னு சொல்ல வாய்ப்பு உண்டு. அன்னைக்கு உங்களுக்குப் பாதி விசா கிடைச்சாச்சுன்னு அர்த்தம்.

பேர் எழுதும்போது செம காமெடி நடக்கும். அங்கே ஒவ்வொருத்தருக்கும் குடும்பப் பேர் ரெண்டு. ஒண்ணு அப்பா வழி, இன்னொண்ணு அம்மா வழி. கல்யாணம் ஆனாலும் பொண்ணுங்க பேர் மாறாது. நமக்கோ இருக்கிறது ஒரே ஒரு இனிஷியல். ஃபாரத்துல முதல் குடும்பப் பேர், ரெண்டாவது குடும்பப் பேர்னு ரெண்டு கட்டம் போட்டு வெச்சிருப்பாங்க. நீங்க அப்பா பேரை ஒரு கட்டத்துல போட்டா, அடுத்த நாள் வாத்தியார் உங்க அப்பா பேரைச் சொல்லி உங்களைக் கூப்பிடுவார். அப்பாவைப் பார்த்தா பயப்படுறவங்க, தயாரா இருங்க.

நாம மட்டும் வாங்கிக்கலை, கொடுத்தும் இருக்கோம். ஸ்பானிஷ் அகராதியைப் புரட்டினா தமிழை மூலமா காட்டுற வார்த்தைகள் இருக்கு. கட்டுமரம் அங்கே 'கத்தமரான்'. மாங்காய் அங்கே 'மாங்கோ'. மூணாவதா ஒரு வார்த்தை இருக்கு. அதை அப்புறம் சொல்றேன். கொஞ்சம் தொண்டையில சிக்குற வார்த்தை.

சாப்பிட்டதும் எந்திரிச்சா அவுட்!

இப்போ முக்கியமான பாயின்ட். 'சோப்ரெமேசா'ன்னு ஒரு விஷயம் இருக்கு. சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம் எந்திரிக்காம மேசையிலேயே உட்கார்ந்து பேசுறது. காபி வரும், பழம் வரும், அரசியல் வரும், ஃபுட்பால் வரும், பக்கத்து வீட்டு வம்பு வரும். அரை மணி நேரம், ஞாயித்துக்கிழமைன்னா சாயங்காலம் வரைக்கும் ஓடும். நம்ம ஊர்த் திண்ணையைத் தூக்கிட்டுப் போய் சாப்பாட்டு மேசையில வெச்ச மாதிரி.

நம்ம பசங்க என்ன பண்ணுவாங்க? பத்து நிமிஷத்துல சாப்பிட்டு, கை கழுவி, ரூம் கதவைச் சாத்திட்டு மொபைலை எடுப்பாங்க. வாட்ஸ்அப்ல நம்மூர் க்ரூப், லேப்டாப்புல தமிழ்ப் படம். உடம்பு ஸ்பெயின்ல, உசுரு தேவதானத்துல. ஆறு மாசம் கழிச்சு ஊருக்கு வந்தா 'ஓலா', 'கிராசியாஸ்' தவிர வேற எதுவும் வாயில வராது. அந்தக் கதவைச் சாத்துறதுக்கு ஏரோப்ளேன் ஏறணுமா? வீட்டுலயே சாத்திக்கலாமே!

அதைத்தான் தம்பிகிட்டே சொன்னேன். ஹாஸ்டல்ல இருந்தா இந்திய பசங்க நாலு பேர் சேர்ந்து ரசம் வைப்பீங்க. ஜாலிதான், தப்பே இல்லை. ஆனா ஒரு வீட்டுக்குள்ள போனா, அந்த வீட்டுலயே குறைவா தெரிஞ்ச ஆள் நீதான். அஞ்சு வயசுக் குழந்தைகூட உன்னைவிட நல்லா பேசும். உன்னைத் திருத்தும், சிரிக்கும். அதைத் தாங்கிக்கிறதுதான் படிப்பு. க்ளாஸ்ல தப்பு பண்ணா மார்க் போகும். சாப்பாட்டு மேசையில தப்பு பண்ணா எல்லாரும் சிரிப்பாங்க, அப்புறம் சரியானதைச் சொல்லிக் கொடுப்பாங்க. ரெண்டாவது தடவை மறக்கவே மறக்காது.

'இதெல்லாம் நடக்கிற கதையா'ன்னு கேக்குறீங்களா? அப்படி வாழ்ந்து காட்டின ஒருத்தர் இருக்கார். ஆனா அவர் இங்கேருந்து அங்கே போகலை. அங்கேருந்து இங்கே வந்தார்!

பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா...

பேர் கார்லோஸ் கொன்சாலஸ் வால்யெஸ். 1925-ல ஸ்பெயின்ல லொக்ரோஞோங்கிற ஊர்ல பிறந்தவர். இயேசு சபைத் துறவி. 1949-ல இந்தியாவுக்கு வந்தார். வந்து என்ன படிச்சார் தெரியுமா? நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்துல கணிதம்! இங்கிலீஷே தட்டுத்தடுமாறிப் பேசின காலம் அது. 1953-ல எம்.ஏ. முடிச்சார்.

அப்புறம் அவர் வேலை பார்த்தது குஜராத்துல. அகமதாபாத் செயின்ட் சேவியர்ஸ் காலேஜ்ல கணக்கு வாத்தியார். இங்கிலீஷ்ல பாடம் எடுத்துட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா பசங்க மனசுல ஓடுறது குஜராத்தி ஆச்சே! உட்கார்ந்து குஜராத்தி படிச்சார். பேசுற அளவுக்கு இல்லை, எழுதுற அளவுக்கு. 1960-ல முதல் குஜராத்திப் புத்தகம். அப்புறம் 'குஜராத் சமாச்சார்' பேப்பரோட ஞாயிறு இணைப்புல பத்தி எழுதினார். பத்தியோட பேர், 'புதிய தலைமுறைக்கு'ன்னு அர்த்தம் வர்ற 'நவீ பேடீனே'. உங்களை மாதிரிப் பசங்களுக்குத்தான்! (எனக்கு சீனியர்னு சொல்லிக்கலாமா?) 1978-ல குஜராத்தி இலக்கியத்தோட பெரிய விருதான ரஞ்சித்ராம் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைச்சது. தாய்மொழி ஸ்பானிஷ், பரிசு குஜராத்திக்கு!

ஆனா நான் சொல்ல வந்தது பரிசைப் பத்தி இல்லை. 1970-கள்ல அவர் ஒரு காரியம் பண்ணார். காலேஜ்ல தங்கறதுக்கு வசதியான அறை இருந்தது. அதை விட்டுட்டு வெளியே வந்தார். அகமதாபாத் பழைய நகரத்துல 'போள்'னு சொல்லுவாங்க. ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகளும் குறுகலான சந்துகளுமா இருக்கிற பழைய குடியிருப்புகள். அங்கே ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, 'கொஞ்ச நாள் உங்களோட தங்கிக்கலாமா?'ன்னு கேட்டார். அவங்க போட்டதைச் சாப்பிட்டார். அவங்க காட்டின இடத்துல படுத்தார். காலேஜுக்குப் போய்க் கணக்கு நடத்திட்டு அதே வீட்டுக்குத் திரும்பினார். சில நாள் கழிச்சு அடுத்த வீடு. அப்புறம் அடுத்தது. ஒரு மாசம் இல்லை, ரெண்டு மாசம் இல்லை... சுமார் பத்து வருஷம்!

யோசிச்சுப் பாருங்க. ஊரே மதிக்கிற பேராசிரியர், எழுத்தாளர். தினம் தினம் யார் வீட்டுலயோ போய் 'எனக்கு இடம் இருக்கா'ன்னு கேக்கிறார். கேக்குறவன் எப்பவும் ஒரு படி கீழேதானே நிக்கணும்? அந்தப் படியில பத்து வருஷம் நின்னார். குஜராத்துக்காரங்க அவரைத் தங்கள்ல ஒருத்தரா ஏத்துக்கிட்டதுல அவர் எழுத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்தப் படிக்கும் அவ்வளவு பங்கு உண்டுன்னு நினைக்கிறேன். 2020 நவம்பர்ல, 95 வயசுல மாட்ரிட்ல காலமானார். அகமதாபாத்துல அவரை 'ஃபாதர் வாலேஸ்'னு இன்னும் பாசமா நினைக்கிறவங்க உண்டு.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம மதுரைக்குத் தமிழ் படிக்கன்னே அமெரிக்கக் காலேஜ் பசங்க பல வருஷமா வந்து போயிருக்காங்க. அவங்கள்ல நிறைய பேர் தங்கினது மதுரைக் குடும்பங்கள் வீட்டுல. சம்மணம் போட முடியாம கால் மரத்துப் போய், சாம்பாரை முழங்கை வரைக்கும் வழிய விட்டுச் சாப்பிட்டு, 'சாப்பிட்டாச்சா?'ன்னா உண்மையிலேயே சாப்பாட்டைப் பத்தின கேள்வி இல்லை, 'நல்லா இருக்கியா?'ன்னு அர்த்தம்னு கண்டுபிடிச்சவங்க அவங்க. இதை எந்த கிராமர் புக் சொல்லிக் கொடுக்கும்?

அந்த மூணாவது வார்த்தை

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கார். விருந்தாளியா எப்படி இருக்கணும்னு தனி அதிகாரம் கிடையாது. நாம எப்பவுமே சோறு போடுற பக்கம்தான் இருப்போம்னு ஒரு நம்பிக்கை நமக்கு. 'தமிழன் விருந்தோம்பல்ல கிங்'னு காலரைத் தூக்கிக்குவோம்.

இப்போ அந்த மூணாவது வார்த்தை. ஸ்பானிஷ்ல 'பாரியா'ன்னு ஒரு சொல். ஒதுக்கி வைக்கப்பட்டவன்னு அர்த்தம். அதோட மூலம் தமிழ்னு அவங்க அகராதியே சொல்லுது. பறையர்ங்கிற பேர்ல இருந்து போர்ச்சுக்கீசு வழியா போனது. ஒரு மக்களோட பேரை, 'யாரும் வீட்டுக்குள்ள சேர்க்காதவன்'ங்கிற அர்த்தத்துல உலகம் பூரா பரவ விட்டிருக்கோம். கட்டுமரத்தையும் மாங்காயையும் கொடுத்த அதே நாம.

ஒரு ராத்திரி சோப்ரெமேசாவுல அந்த வீட்டுப் பொண்ணோ பையனோ கேட்கலாம்: 'உங்க ஊர்ல உங்க வீட்டுக்கு யார் வந்தாலும் இப்படிப் பக்கத்துல உட்கார வெச்சு சாப்பாடு போடுவீங்களா?'

என்ன பதில் சொல்லுவீங்க?

என் பதிலை நான் சொல்லிடறேன். காலேஜ் ரெண்டாவது வருஷம். பொங்கல் லீவுக்கு என் ஹாஸ்டல் ரூம்மேட்டை தேவதானத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். தோப்பு, கோயில், மலைன்னு செம சுத்து. மதியம் திரும்பி வந்து உட்கார்ந்தோம். எங்க சொந்தத்துல பெரியவர் ஒருத்தர் அவன்கிட்டே ரொம்ப அன்பா கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னான். "அங்க எந்தத் தெரு?"

தெருவைக் கேட்டா எதைக் கேக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். சொன்னான்.

கொஞ்ச நேரத்துல காபி வந்தது. எங்க எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவனுக்கு மட்டும் பேப்பர் கப்.

நான் பார்த்தேன். அவனும் பார்த்தான். நான் ஒண்ணும் பேசலை. என் டம்ளரை அவனுக்குக் கொடுத்துட்டு அந்த கப்பை நான் வாங்கியிருக்கலாம். ரெண்டு விநாடி வேலை. செய்யலை. குனிஞ்சு காபி குடிச்சேன். முகம் கொஞ்சம் மாறினாலே விருந்தாளி அனிச்சப்பூவா வாடிடுவார்னு வள்ளுவர் சொல்லுவார். அவன் வாடினதைக் கூட காட்டிக்கலை. திரும்பிப் போற பஸ்ல மதுரை வரைக்கும் கிரிக்கெட் பத்தியே பேசிக்கிட்டு வந்தான். அதுக்கப்புறம் என் வீட்டுக்கு வரவே இல்லை.

சில வருஷம் கழிச்சு அவன் கல்யாணப் பத்திரிகை வந்தது. போனேன். அவங்க அம்மா என் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சாங்க. பாயசம் கொடுத்தாங்க. எவர்சில்வர் டம்ளர்ல. எந்தத் தெருன்னு கேக்கலை.

சரி, எதுல டிக்?

தம்பிகிட்டே ஹோஸ்ட் ஃபேமிலியில டிக் அடிக்கச் சொன்னேன். கூடவே சில கண்டிஷன்ஸ். நீங்களும் நோட் பண்ணிக்கோங்க, பெங்களூருல பேயிங் கெஸ்ட்டா போனாலும் உதவும்.

ஒண்ணு: சாப்பிட்ட தட்டை நீயே எடுத்து சிங்க்ல வை. நம்ம வீட்டு ஆம்பளைப் பசங்களுக்கு இதுவே ஒரு செமஸ்டர் சிலபஸ். ஊர்லயே ப்ராக்டிஸ் ஆரம்பிச்சுடு.

ரெண்டு: ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரலைன்னா முன்கூட்டியே சொல்லிடு. உனக்காக ஒருத்தங்க சமைச்சு வெச்சுட்டுக் காத்திருப்பாங்க. இது ஹோட்டல் இல்லை.

மூணு: நல்லா இருந்தா வாயைத் திறந்து சொல்லு. நம்ம வீட்டுல அம்மாவுக்கு தேங்க்ஸ் சொன்னா, 'என்னடா, யார்கிட்டயோ பேசுற மாதிரி பேசுற'ன்னு கோபம் வரும். அங்கே சொல்லலைன்னாத்தான் வருத்தம். 'முய் ரீகோ'ன்னா ரொம்ப ருசி. ஒரு வார்த்தை, அடுத்த நாள் கூட ரெண்டு கரண்டி!

நாலு: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பெட்டியில வைக்காதே. அத்தை ரெண்டு கிலோவுக்கு ஆர்டரே கொடுத்துட்டாங்க. ஆனா ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருந்து வர்றவங்க பால் பொருளும் இறைச்சியும் லக்கேஜ்ல கொண்டு போகத் தடை. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவாவா இருந்தாலும் மாட்ரிட் ஏர்போர்ட்ல குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். பதிலா மதுரைச் சுங்குடிச் சேலை ஒண்ணு எடுத்துட்டுப் போ. (நஞ்சு தோய்க்காத ஆடைன்னு சொல்லிக் கொடு. கதை கேப்பாங்க. சோப்ரெமேசாவுக்கு அரை மணி நேரம் ஆச்சு!)

அஞ்சு: குடும்பம் நிஜமாவே ஒத்து வரலையா? பூட்டின ரூமுக்குள்ள அழாதே. ஏற்பாடு பண்ணின ஆபீஸ்ல போய்ச் சொல்லு. வேற வீடு கேக்கிறது தப்பில்லை. சகிச்சுக்கிறது வேற, கத்துக்கிறது வேற.

தம்பி டிக் அடிச்சுட்டான். அத்தைக்கு இன்னும் மனசு ஆறலை. நான் கேட்டேன்: "அத்தை, நாளைக்கு அந்த வீட்டுப் பிள்ளை ஊர் பாக்க இங்க வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வரட்டும்யா! வெள்ளைக்காரப் புள்ளைன்னா ஊரே பாக்க வருமே. தலைவாழை இலை போட்டுர மாட்டேன்?"

"சரி. இவன் ஹாஸ்டல் ரூம்மேட் வந்தா?"

அத்தை மகனைப் பார்த்தாங்க. மகன் தரையைப் பார்த்தான். அப்புறம், "வரட்டுமே"ன்னாங்க.

சொல்றதுக்கு ரெண்டு விநாடி ஆச்சு. மேட்டரே அந்த ரெண்டு விநாடிதான், ஃப்ரெண்ட்ஸ். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்கு உடனே இலை போடுற நாம, பக்கத்துப் பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கிறவனுக்கு ரெண்டு விநாடி யோசிக்கிறோம்.

அதனால இந்த வார அசைன்மென்ட்: அடுத்த லீவுக்கு உங்க க்ளாஸ்மேட் ஒருத்தரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடுங்க: எந்தத் தெருன்னு யாரும் கேக்கக் கூடாது. அப்படியும் பேப்பர் கப் வந்தா, நான் பண்ணாததை நீங்க பண்ணுங்க. உங்க டம்ளரை அவர் பக்கம் நகர்த்திட்டு கப்பை நீங்க எடுத்துக்கோங்க. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம்.

போயிட்டு வந்து எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போமா? டாட்டா!